சம்பளத்தோடு கூடிய விடுமுறை

புதன்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப்புகளைப் பார்த்தபோது ஜெஸ்ஸிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. குத்புதீன் பாயின் ஏலக்காய்க் கடையில் அன்றைக்குக் காய் பொறுக்கி முடித்து, மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். போடி பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புகள் வந்து நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் பெண்கள் பிதுங்கி இறங்கினார்கள். சனிக்கிழமைகளில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவர்கள் அன்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்கள். அம்மாவோடு எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கிற அத்தனை பேரும் இருந்தார்கள். அம்மா மட்டும் இல்லை.

"ஏ ஜெஸ்ஸி!" என்று கத்தினாள் அமுதவள்ளி. லயத்தில் அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரி. "நாளைக்கு வெரசா சிலமலையில எங்க வீட்டுக்கு வந்துரு புள்ள. என் மகளுக்குப் பூ வைக்கிறாக. உங்கம்மாளுக்குத்தான் வர முடியாது, எலெச்சன்ல நிக்கிறா. நீயாச்சும் வந்து முன்னால நில்லு."

"நாளைக்கா சித்தி? நாளைக்கு ஓட்டுல்ல?"

"அதான லீவு! நல்ல நாளும் லீவும் ஒண்ணா அமையுமா சொல்லு? மாப்ள வீட்டுக்காரக திங்கக்கெழமைன்னாக. நான்தான் சொல்லிட்டேன், வியாழக்கெழம சம்பளத்தோட லீவு, லயமே திரண்டு வரும்னு."

"அப்ப ஓட்டு?"

"சாப்ட்டுப் போட்டுட்டாப் போச்சு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்காமே. ஜீப்பு வரும்ல."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஆமாம், ஜீப்பு வரும்ல என்றார்கள். அப்போதுதான் ஜெஸ்ஸிக்கு உறைத்தது. நாளைக்கு ஜீப்பு வராது என்பது அவளுக்குத் தெரியும். அதை எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

மலைக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் இருக்கிறது ஆனைக்குழி எஸ்டேட். அந்த வார்டு ரொம்ப காலமாக இடதுசாரிக் கூட்டணியின் கையில் இருந்தது. கூட்டணியில் சிவப்புக் கொடி பிடிக்கிற கட்சிகள் இரண்டு. பெரிய கட்சியிடம் காய் எடுக்கும் பெண்களின் சங்கம் இருந்தது. சின்னக் கட்சியிடம் அவர்களை மலையேற்றி இறக்கும் ஜீப்பு டிரைவர்களின் சங்கம் இருந்தது. இந்த முறை வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் இரண்டு கட்சியும் கேட்டன. டிரைவர் சங்கத் தலைவர் ராக்கையா தன் மனைவி மகாராணியை நிறுத்த எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். கடைசியில் சீட்டு பெரிய கட்சிக்குப் போனது. பெரிய கட்சி ஜெஸ்ஸியின் அம்மா ஞானசெல்வியை நிறுத்தியது.

அம்மா மேடையில் நீட்டி முழக்குகிறவள் இல்லை. போகிற இடமெல்லாம் ஒரே பேச்சுதான் பேசினாள். எஸ்டேட்டை வாங்கியிருக்கிற புது முதலாளி லயத்தை இடித்துவிட்டு அங்கே ரிசார்ட் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார். லயத்து முற்றத்தில் நின்றால் காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடப்பது தெரியும். அதைப் பார்க்கத் தூரத்து ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வருவார்களாம். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் பஞ்சாயத்து. பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் சமபலமாக நிற்கிற நிலைமை. "நான் ஜெயிச்சா லயம் நிக்கும். தோத்தா லயம் போயிரும். அம்புட்டுத்தான் எனக்குப் பேசத் தெரியும்" என்று சொல்லிக் கும்பிடுவாள்.

சீட்டு முடிவான மறுவாரம் இரண்டு கட்சிக்காரர்களும் மனத்தாங்கலோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜெஸ்ஸியும் மேலே போயிருந்தாள். சங்கத்தின் மனுக்களை எழுதுவது அவள் வேலை. ஒரு மனுவை மூன்று முறை எழுதுவாள். முதலில் எழுதியதில் யாரையாவது விட்டுவிட்டோமோ என்று இரண்டாவது எழுதுவாள். இரண்டாவதில் எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மூன்றாவது எழுதுவாள். அப்படியும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சரியாகத்தான் எழுதினோமா என்று படுத்துக்கொண்டே யோசிப்பாள்.

அன்றைக்கு எழுத வேண்டியிருந்தது ஓட்டு நாள் விடுமுறை. ஆனைக்குழியில் அதுவரை இருந்த வழக்கம் வேறு. ஓட்டு நாளிலும் காலையில் காய் எடுப்பு உண்டு. முற்பகலில் சூப்பர்வைசர் விசில் ஊதுவார். பெண்கள் இடுப்புச் சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு, ஓட்டுச் சாவடியான அங்கன்வாடிக்கு மொத்தமாகப் போய், ஓட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து மிச்ச வேலையைப் பார்ப்பார்கள். அதற்கு அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். ஓட்டுப் போட்டதற்குத் தண்டம் கட்டுகிறோமா என்று அம்மா பல வருஷமாகக் கேட்டுவந்தாள். ஜெயிக்கிறோமோ இல்லையோ, இந்த ஒன்றையாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

ஜெஸ்ஸி எழுதினாள். எழுதுகிறபோதே மே தினத்தையும் சேர்த்துக்கொண்டாள். வாசித்துக் காட்டியபோது ராக்கையா தொண்டையைச் செருமினார்.

"காய் எடுக்குறவுகளுக்கு லீவு. சரி. அவுகள ஏத்திக்கிட்டுப் போறவன் மனுசன் இல்லையா? எங்கள எப்பயும் கடைசியிலதான் நெனப்பீக, இல்ல நெனைக்கவே மாட்டீக."

எல்லாரும் ஜெஸ்ஸியைப் பார்த்தார்கள். அவள் அவசரமாக அடுத்த வரியில் எழுதினாள்: தொழிலாளர்களை ஏற்றி வரும் ஜீப்பு ஓட்டுநர்களுக்கும் அந்த இரண்டு தினங்களிலும் வாடகை இழப்பின்றி முழு விடுமுறை. வாசித்ததும் ராக்கையாவின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் அன்றுதான் ஒன்றாக டீ குடித்தார்கள். கூட்டணியைக் காப்பாற்றியது ஜெஸ்ஸியின் பேனா என்று யாரோ சொன்னார்கள். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே அவளுக்குச் சோறு ருசியாக இருந்தது.

மேனேஜர் மனுவை வாங்கி இரண்டு முறை படித்தார். வாதாடவில்லை. "முழு நாளா? டிரைவர்களுக்கும் கூடவா? எடுத்துக்கோங்க" என்று கையெழுத்துப் போட்டார். அப்போது அவர் சிரித்தாரா, வாயில் பாக்கு இருந்ததா என்று ஜெஸ்ஸிக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

லயத்துக்காரர்களுக்கு விடுமுறை என்றால் கீழே இறங்குவது என்றுதான் அர்த்தம். முந்தின நாள் சாயங்கால ஜீப்பில் இறங்குவார்கள். மறுநாள் விடிகாலை ஜீப்பில் ஏறுவார்கள். பொங்கலுக்கும் அப்படித்தான், ஈஸ்டருக்கும் அப்படித்தான். அது ஜெஸ்ஸிக்குத் தெரியாததில்லை. பிறந்ததிலிருந்து பார்த்தது. மூன்று முறை எழுதியும் அது ஒரு தடவைகூட அவள் நினைவுக்கு வரவில்லை.

வகுப்புக்குப் போகாமல் ஜீப்பு முக்கிலேயே நின்று ராக்கையாவைத் தேடினாள். டீக்கடை பெஞ்சில் நான்கைந்து டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் ரெண்டு வண்டி வேணும்ணே. லயத்து ஆளுக எல்லாம் சிலமலைக்கு வந்துட்டாக. ஓட்டுக்கு மேல கொண்டுபோய் விடணும்."

"நாளைக்கு எங்களுக்கும் லீவுல்ல ஆத்தா" என்றார் ராக்கையா. "நீதான எழுதுன? அருமையா எழுதியிருந்த. வாசிக்கக் கேட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வெளையாடாதீகண்ணே."

"வெளையாடலை. பயலுக எல்லாம் கம்பத்துல இருந்து குமுளிக்கு சபரிமல சாமிமாரு லோடு பேசிட்டானுக. கார்த்திகையும் மார்கழியுந்தான் எங்களுக்குத் தீவாளி. வாராத லீவு வந்திருக்கு, விடுவானா?"

"ஒரு வண்டியாச்சும்ணே."

"ஏம்மா, ஓட்டுக்கு ஆள் ஏத்துனா கேசு, தெரியுமா? போடிமெட்டு செக்போஸ்ட்டுல எலெச்சன்காரன் கேமராவ வச்சுக்கிட்டு நிக்கிறான். வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போனா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். நாளைக்குத்தான் வேலை இல்லையே. என்ன சோலின்னு சொல்லி ஏத்துறது?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஜெஸ்ஸி அழுதுவிடக் கூடாது என்று ரோட்டைப் பார்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்து ராக்கையா எழுந்து பக்கத்தில் வந்தார். குரலைத் தணித்தார்.

"மகாராணிக்குச் சேலையெல்லாம் எடுத்து வச்சிருந்தேன் பாப்பா. நோட்டீசுக்கு போட்டோகூடப் பிடிச்சாச்சு. உங்கம்மா ஒரு நட வீட்டுக்கு வந்து, அண்ணே, இப்படி ஆகிப்போச்சு, மனசுல வச்சுக்கிறாதீகன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. சரி, விடு. நம்ம டிரைவர் பய திருப்பதிய வரச் சொல்றேன். காலைல ஒரு நட குமுளிக்குப் போயிட்டு ரெண்டு மணிக்குள்ள சிலமலைக்கு வந்துருவான். விசேசத்துக்கு வந்த ஆளுக ஊருக்குத் திரும்புறாகன்னு சொல்லிக்கிறலாம். ஒரு வண்டிதான். திணிச்சு ஏத்திக்க."

ஜெஸ்ஸிக்கு உயிர் வந்தது. அங்கேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

"அம்மா, எல்லாரும் கீழ வந்துட்டாகம்மா."

"தெரியும்டி. அமுதா சொல்லிட்டுத்தான் போனா."

"நீ தடுத்திருக்கலாம்ல?"

"மக விசேசத்துக்குப் போறவள எப்படித் தடுக்குறது? வருவாளுகடி. எனக்கு வராம வேற யாருக்கு வருவாளுக? லயத்து ஓட்டு எங்கயும் போகாது. நான் இப்பத்தான் அந்தப் பக்கத்து மலையாளக் குடியேத்தக்காரக வீடுகளுக்குப் போயிட்டு வர்றேன். நாலு வீட்டுல கதவத் தொறந்து பேசுனாக."

அம்மாவின் குரலில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ரெண்டு மணிக்கு ஒரு ஜீப்பு வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெஸ்ஸி போனை வைத்தாள். கடைசி மூன்று நாளும் கட்சிக்காரர்கள் யாரும் லயத்துப் பக்கம் போகவில்லை. கையில் இருக்கிற ஓட்டை எதற்குப் போய்க் கேட்பது என்று விட்டுவிட்டார்கள்.

ஜெஸ்ஸிக்கு மேலே ஓட்டு இல்லை. போடிக்குக் குடிவந்ததும் முறையாக விண்ணப்பித்து ஓட்டை மாற்றிக்கொண்டவள் அவள். லயத்தில் வேறு யாரும் அப்படிச் செய்ததாக அவளுக்குத் தெரியாது. அம்மா நிற்கிற தேர்தலில் அம்மாவுக்கு ஓட்டுப் போட முடியாமல் போனதை நினைக்கும்போது, முறையாகச் செய்கிற காரியமெல்லாம் தனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று இருந்தது.

மறுநாள் குத்புதீன் பாயிடம் லீவு கேட்டாள். "போயிட்டு வாம்மா. உங்கம்மா ஜெயிக்கட்டும். ரிசார்ட்டுல இருந்து எனக்கு ஒரு கிலோ காய் வராது" என்றார் அவர்.

சிலமலையில் அமுதவள்ளி வீட்டு முன்னால் பச்சைத் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். லயத்துப் பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலையில் இருந்தார்கள். ரப்பர் செருப்பும் முழுக்கைச் சட்டையுமாகவே பார்த்துப் பழகிய ஜெஸ்ஸிக்குச் சிலரை அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி மருதாணி வைத்த கையை நீட்டி, "ஓட்டு மை இதுல ஒட்டுமாடி?" என்று கேட்டாள். "உன் வெரல்ல ஏலக்காய்க் கறையே போகல, மை எங்க ஒட்டப்போகுது" என்றாள் இன்னொருத்தி.

பூ வைத்து முடிய மதியமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஜெஸ்ஸி அமுதவள்ளியைத் தனியாக இழுத்துப் போனாள்.

"சித்தி, ஒரு மணி பஸ்ஸப் பிடிச்சா போடி போயி மூணாறு பஸ்சு ஏறிரலாம். ஜீப்ப நம்பி இருக்க வேணாம்."

"பந்தியில உக்காரப் போறவள எழுப்பி பஸ்சுக்கு வெரட்டவா? மாப்ள வீட்டுக்காரக என்ன நெனைப்பாக? ரெண்டு மணிக்கு ஜீப்பு வருதுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். ஆனாலும்..."

"அப்புறம் என்ன ஆனாலும்? ஒக்காந்து சாப்பிடு புள்ள."

உரக்கக் கத்தியிருக்கலாம். பந்தியின் நடுவில் நின்று, இன்றைக்கு நீங்கள் போகாவிட்டால் உங்கள் வீடு போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குக் கத்த வராது. அதோடு, ஜீப்பு வந்துவிட்டால் வீணாக ஒரு விசேஷத்தைக் கெடுத்தவளாகிவிடுவோமே என்ற யோசனையும் ஓடியது. இலையில் வைத்த அப்பளம் நமத்துப்போகும்வரை கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு ஜீப்பு வரவில்லை. திருப்பதி போனை எடுக்கவில்லை. மூன்று மணி வாக்கில் அவனே கூப்பிட்டான்.

"யக்கா, கம்பம் மெட்டு ரோடு அடச்சுக்கிச்சுக்கா. சாமிமாரு பஸ்சு ஒண்ணு பள்ளத்துல எறங்கிருச்சு. முன்னயும் போக முடியல, பின்னயும் வர முடியல. சத்தியமா சொல்றேன், காலைல இருந்து இங்கதான் நிக்கிறேன்."

அவன் பின்னால் ஹாரன்களும் சரண கோஷமும் கேட்டன. பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

ஜெஸ்ஸி போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலை மென்ற வாய்கள் நின்றிருந்தன. முதலில் எழுந்தவள் அமுதவள்ளி. கழுத்து மாலையைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"வாங்கடி. ரோட்டுக்குப் போவோம்."

"நீ எங்க மதினி வர்ற? வீடு நெறைய விருந்தாளுக" என்றாள் ஒருத்தி.

"அவுக சாப்ட்டாச்சுல்ல. ஞானசெல்வி அங்க ஒத்தையில நிக்கிறாடி."

ரோட்டில் நின்று ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போடிக்கு வந்தார்கள். மூணாறு பஸ் ஏற்கெனவே நிறைந்திருந்தது. டூரிஸ்டுகளின் பைகளுக்கு நடுவில் பட்டுச்சேலைகளும் மல்லிகைப்பூவுமாக நெருக்கியடித்து ஏறினார்கள். சிலருக்கு இடமே கிடைக்காமல் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டார்கள். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி பஸ் வளைவுகளில் ஏற ஆரம்பித்தபோது மழைத்தூறல். பாதி மலையில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. ஒருத்தி டிரைவரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் ஹாரன் அடிங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஹாரன் அடித்து லாரி நகருமா?

பூப்பாறையில் இறங்கி எஸ்டேட்டுக்குள் குறுக்கு வழியில் விழுந்தார்கள். ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. இலை நுனியில் சொட்டிய தண்ணீரெல்லாம் சேலையில் வழிந்தது. வழுக்குகிற தடத்தில் அந்தப் பெண்கள் ஓடின வேகத்துக்கு ஜெஸ்ஸியால் ஈடுகொடுக்க முடியவில்லை. தினமும் அதே தடத்தில் சாக்கு சுமந்து நடக்கிறவர்கள். பட்டுச்சேலை கிழிகிற சத்தம் கேட்டது. யாருடையது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கன்வாடி கேட் சாத்தியிருந்தது.

போலீஸ்காரர் உள்ளே இருந்து, முடிந்துவிட்டது என்று கையை ஆட்டினார். "கழிஞ்ஞு, கழிஞ்ஞு. ஆறு மணி ஆயி." அமுதவள்ளி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் கெஞ்சினாள். ஆறு மணிக்கு வரிசையில் நின்றிருந்தவர்களுக்கு மட்டும்தான் டோக்கன், வரிசையில் யாரும் இல்லை என்றார் அவர். உண்மைதான். காலையிலேயே குடியேற்றக்காரர்கள் பைக்கிலும் காரிலும் குடும்பத்தோடு வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஓட்டு மெஷினுக்கு முத்திரை வைக்க அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கொஞ்சம் தள்ளி, கூட்டணியின் மேஜை இருந்த இடத்தில் நின்றிருந்தாள். நாளெல்லாம் அங்கே நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததாக மேஜைக்காரன் பிறகு சொன்னான். மத்தியானம் சாப்பிடக்கூட இல்லையாம். பெண்கள் தலைகுனிந்து அவளைச் சுற்றி நின்றார்கள். ஜெஸ்ஸி கடைசியில் நின்றாள். அம்மா தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தது.

அம்மா அமுதவள்ளியின் கலைந்த தலையைப் பார்த்தாள். ஒரு பக்கமாகத் தொங்கிய மல்லிகைச் சரத்தை எடுத்துச் சரியாகச் செருகிவிட்டாள்.

"பூ வச்சாச்சா? மாப்ள எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

அமுதவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எண்ணிக்கை அன்று அம்மா தோற்றுப்போனாள். தோற்றது ஒரு ஜீப்பில் அடங்குகிற ஓட்டில். திணித்து ஏற்ற வேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது. மற்ற வார்டுகளிலும் கூட்டணிக்கு அடி. பஞ்சாயத்து கைமாறியது. டவுனில் எதிரணிக்காரர்கள் வெடித்த வெடியின் சத்தம் லயம் வரைக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோல்வியை ஆராயக் கூட்டம் போட்டார்கள். மேலிடத்திலிருந்து வந்தவர் எங்கும் வீசிய எதிர்க்காற்றுதான் காரணம் என்றார். பெரிய கட்சிக்காரர்கள், கூட இருந்தே குழி பறித்தார்கள் என்று ஜாடையாகப் பேசினார்கள். சின்னக் கட்சிக்காரர்கள் பெரியண்ணன் திமிர் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். ராக்கையா எழுந்து, தான் வண்டி அனுப்பியதாகவும் ரோடு அடைத்துக்கொண்டால் அதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்றும் கேட்டார். விடுமுறையைப் பற்றி யாரும் பேசவில்லை. தேர்தல் பிரசுரத்தில் அது கூட்டணியின் சாதனையாக மேலேயே அச்சாகியிருந்தது. பேசட்டுமா என்று ஜெஸ்ஸி இரண்டு முறை கையைத் தூக்கப் பார்த்தாள். தப்பு தன்னுடையது மட்டும்தானா, இல்லை அப்படி நினைப்பதே ஒரு அகம்பாவமா என்று குழம்பிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் முடிந்துவிட்டது.

அம்மாவிடம் மட்டும் கேட்டாள். "நான் அந்த டிரைவர் வரிய எழுதாம இருந்திருந்தா?"

"அப்ப ராக்கையா அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருப்பான்."

"லீவே கேக்காம இருந்திருந்தா?"

"ஓட்டுப் போட அரை நாள் கூலியப் பிடிக்கிறது நாயமாடி?" என்று திருப்பிக் கேட்டாள் அம்மா.

கூலி நாளன்று ஓட்டு நாளுக்கு உரிய சம்பளம் குறையாமல் வந்தது. ஜீப்பில் கீழே இறங்கும்போது அமுதவள்ளி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாங்கிக் குடுத்த லீவுலதான் ஆத்தா என் மக காரியம் முடிஞ்சது. அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். குத்திக் காட்டவில்லை. மனசார நன்றி சொன்னாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதிய பஞ்சாயத்து தையிலேயே அனுமதி கொடுத்தது. பங்குனிக்குள் லயம் காலியானது. ஆளாளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். வேலை உண்டு, வீடு கிடையாது. கீழேயிருந்து தினமும் வந்து போகலாம் என்றார்கள். அம்மாவின் கட்டிலும் பாத்திரங்களும் ராக்கையாவின் ஜீப்பில்தான் இறங்கின. அவரே ஓட்டி வந்து, அவரே கட்டிலைத் தோளில் தூக்கி போடி வீட்டுக்குள் வைத்தார். வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தார். "தண்ணி குடிக்கிறீகளாண்ணே?" என்று கேட்டாள் அம்மா. குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு விடியுமுன் ஜீப்பு, இருட்டும்போது ஜீப்பு என்று ஆனது. ஒரு நாள் ஜெஸ்ஸி சொன்னாள்.

"அம்மா, அங்க உன் பேர எடுத்துருவாகம்மா. அந்த விலாசத்துல வீடே இல்லைல்ல. இங்க மாத்திரலாம். நான் எழுதித் தர்றேன்."

"எல்லார் பேரும் போயிருமா?"

"லயத்துல இருந்த எல்லாருதும்."

"அப்ப இனி ஓட்டுக்கு ஜீப்பு வந்தாலும் ஏறிப்போறதுக்கு ஆளில்ல" என்றாள் அம்மா.

மே தினம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு லயத்து முற்றத்தில் அம்மாதான் கொடியேற்றுவாள். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஏற்றிவிட்டு, எல்லாருக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுப்பாள். இப்போது அந்த முற்றத்தில் கார் நிறுத்தக் கல் பதிக்கிறார்கள். போடியில் இரண்டு கட்சியும் இரண்டு தெருவில் தனித்தனியாகக் கொடியேற்றுவதாக இரண்டு நோட்டீஸ் வந்திருந்தது.

ஜெஸ்ஸி விழித்தபோது விடிந்துகொண்டிருந்தது. அம்மா ஏற்கெனவே எழுந்து, காய் எடுக்கப் போகிற முழுக்கைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓட்டு மை வைத்த நகம் வளர்ந்து, நுனியில் மட்டும் ஒரு கறுப்பு மிச்சமிருந்தது. ஏலக்காய்க் கறையாகவும் இருக்கலாம்.

"கொடியேத்தப் போகலையாம்மா?"

"எங்க போயி ஏத்துறது?"

"அப்ப எதுக்கு எந்திரிச்ச?"

அம்மா சட்டையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

"முழிப்பு வந்துருச்சு. இன்னைக்கு சம்பளத்தோட லீவு. பேசாமப் படு."

ஜெஸ்ஸி படுத்தாள். தெருமுனையில் தினமும் அந்த நேரத்துக்கு அடிக்கிற ஜீப்பு ஹாரன் அன்றைக்கு அடிக்கவில்லை.